இரண்டு கட்டையில் மைல்ஸ் டேவிஸ்

அன்புள்ள நண்பா,

போன மாதம் டீக்கடையில் நாம் போட்ட சண்டைக்கு இது பதில். அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தை நீ கொடுத்தாய். நான் கேட்டுவிட்டு, "ஒரே இடத்தில் நிற்கிறது, ஒன்றும் நகரவில்லை" என்றேன். உன் முகம் சுருங்கிப்போனது. நான் சொன்னது தப்புடா. அந்தத் தப்பு எங்கே நடந்தது என்று இப்போது பிடிபட்டுவிட்டது.

முதல் பாட்டான 'ஸோ வாட்'டை மறுபடி போட்டேன். இந்த முறை சுருதிப் பெட்டியை 2 கட்டையில் (மேற்கத்திய D சுருதி) வைத்துக்கொண்டு கூடவே முனகிப் பார்த்தேன். சேரவே இல்லை, அவர்கள் கொஞ்சம் ஏறியே நின்றார்கள். என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது: நீ கொடுத்தது உன் அப்பாவின் பழைய எல்.பி. தட்டிலிருந்து எடுத்த பதிவு. 1959 மார்ச் 2 அன்று ஒலிப்பதிவு செய்த டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டாக்கியதால் முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் தட்டில் சுருதி ஏறி ஒலிக்கும். 1990களில்தான் அதைச் சரிசெய்தார்கள். திருத்திய பதிப்பைத் தேடிப் போட்டதும் கச்சிதமாகச் சேர்ந்தது.

சேர்ந்த பிறகு பார்த்தால், கரகரப்ரியா! 'மாதவிப் பொன்மயிலாள்', 'பூங்காற்று திரும்புமா' எல்லாம் நடக்கிற அதே ஏழு ஸ்வரங்கள். அவர்கள் அதை டோரியன் என்கிறார்கள். 16 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) அதிலேயே இருக்கிறார்கள். பிறகு 8 பாருக்கு மொத்தக் குழுவும் அரைக்கட்டை ஏறி இரண்டரையில் உட்கார்கிறது. மறுபடி 8 பார் பழைய இடம். ஸ்வர வரிசை அப்படியே இருக்க, ஆதார ஷட்ஜம் (ஸ) நகர்கிறது. கச்சேரி நடுவே தம்புராவைத் திருகுவதை நான் பார்த்ததே இல்லை. அதனால் என் காது அந்த இடத்தைத் தேடவே இல்லை. ஒன்றும் நகரவில்லை என்று நான் சொன்ன பாட்டில் தம்புராவே நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆனால் இது ராகம் என்று நான் சொல்ல வரவில்லை. கரகரப்ரியாவில் காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) அசையாமல் நின்றால் நமக்கு ராகமே வராது. மைல்ஸ் ஸ்வரத்தை ஆட்டாமல், நேராக, வெறுமையாகப் பிடிக்கிறார். அவர் தனி வாசிப்பை ஆரம்பிக்கிற இடத்தைக் கவனி. டிரம்ஸ் வாசிக்கிற ஜிம்மி காப் சிம்பலில் ஒரு அடி அடிக்கிறார். அந்த ஓசை இன்னும் கரைந்துகொண்டிருக்கும்போதே ட்ரம்பெட் உள்ளே நுழைகிறது. இரண்டு மூன்று ஸ்வரம், பிறகு மௌனம். நல்ல பாடகர் ஆலாபனையின் முதல் பிடியைப் போட்டுவிட்டு நிறுத்துவாரே, அந்த மாதிரி. சாக்ஸஃபோன் வாசிக்கிற கோல்ட்ரேன் வந்ததும் வேக ஸ்வரங்களின் பிருகா மழை. எனக்கு இன்னும் மைல்ஸ்தான்.

கடைசிப் பாட்டு 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' இன்னும் நெருக்கம். வரிசையாக ஐந்து ஸ்கேல். தனி வாசிப்பவர் ஒவ்வொன்றிலும் மனம் நிறையும்வரை இருந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். விருத்தத்தை (தாளமில்லாமல் பாடும் செய்யுளை) ராகமாலிகையாகப் பாடுகிறவருக்கு இருக்கிற அதே சுதந்திரம்.

இப்போது உன் முறை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டை (1986) நீ "ஜெர்மன் இசைமேதை பாக்கை (Bach) வெட்டி ஒட்டியது" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்துச் சமர்ப்பித்த ஆல்பம் அது. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' மட்டும் ஹெட்ஃபோனில் கேள். வி.எஸ். நரசிம்மனின் வயலினில் வருவது பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் (நடன இசைக் கோவையின்) முகப்பு. அதை முதலில் தனியாக ஒரு முறை கேட்டுவிட்டு வா. பிறகு ராஜாவின் மற்ற தந்திகள் அதைச் சுற்றி என்ன பேசுகின்றன என்று பார். ஒட்டுப்போட்டதாக இருந்தால் தையல் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறித்துக்கொண்டு வா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே உட்காரலாம். அப்பாவின் அந்தத் தட்டையும் எடுத்து வா, சுருதி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம். டீ நான் போடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்