மழை விட்டதும் போய்ப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியும் நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோன சேதியும் ஒரே உறையில் வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. கண்ணாடி இல்லாமலே உன் கையெழுத்தைப் படிக்க முடிகிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். வேலை பார்த்த காலம் முழுவதும் ரோடு போட்டே கழித்தவனிடம், கேட்டிலிருந்து கார் ஷெட் வரை போகிற தார்ப்பாதையை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறாய். பதில் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

முதலில், உன் கதவைத் தட்டிய அந்த ஆள். பக்கத்துத் தெருவில் வேலை முடிந்து சரக்கு மிச்சம் இருக்கிறது, இன்றைக்கே சொன்னால் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்றாராமே. வேண்டாம். பாதையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்காதவரிடம் வேலையைக் கொடுக்காதே. இப்படி வருகிறவர்களில் பலர் சீலரில், அதாவது பாதையின் மேல் அடிக்கிற கருப்புப் பூச்சில், தண்ணீரை அள்ளி ஊற்றிக் கலந்து அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்குப் பளபளவென்று கருப்பாக இருக்கும், சில மழையிலேயே உரிந்துவிடும். ஒழுங்காக வேலை செய்கிறவர் என்ன சரக்கு, எத்தனை கோட், அதற்கு முன்னால் வெடிப்புகளை என்ன செய்யப்போகிறார் என்று எழுதிக் கொடுப்பார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் முகம் சுளிக்க மாட்டார்.

இந்தப் பாதைக்கு ஒரே பெரிய எதிரி தண்ணீர். அது உள்ளே இறங்காமல் பார்த்துக்கொண்டால், நன்றாகப் போட்ட பாதை 20 வருடம்கூட உழைக்கும். கருப்பு நிறம் போய்விட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் ஏராளம். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

ஏன் என்று சொல்கிறேன். உன் வாசலில் கருப்பாகத் தெரிகிறதே, அதை எடை போட்டால் 100க்கு 95 பங்கு ஜல்லியும் மணலும் ஜல்லித்தூளும்தான். மிச்சம் ஏறக்குறைய 5 பங்கு பிட்டுமென், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எல்லாம் எடுத்தபின் அடியில் தங்குகிற பசை. இரண்டையும் சுமார் 150 டிகிரி சூட்டில் கலந்து, சூடு ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி அமுக்குகிறார்கள். அந்தக் கருப்பு அடுக்கு வீட்டுப் பாதைகளில் பொதுவாக 5 முதல் 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதன் அடியில் 15, 20 சென்டிமீட்டருக்கு உடைகல் அடுக்கு, அதற்கும் கீழே மண். காரின் எடையைக் கடைசியில் தாங்குவது அந்தக் கல்லும் மண்ணும்தான். மேல் அடுக்கு எடையைப் பரப்பிக் கொடுக்கிறது, கூடவே கீழே இருப்பதற்குக் கூரையாகவும் இருக்கிறது.

வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கியதும் அடிமண் ஊறி இளகிவிடும். அதன்மேல் சக்கரம் ஏறும்போது மேல் அடுக்கு வளைந்து கொடுக்கிறது. திரும்பத் திரும்ப வளைந்தால் உடையத்தானே செய்யும்? தண்ணீர் உறைகிற குளிர் உள்ள இடமென்றால் இன்னும் மோசம். உறையும்போது தண்ணீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. வெடிப்பு அகலமாகிறது, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிகத் தண்ணீர் உள்ளே போகிறது. குழிகள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன.

அதனால் நீ செய்ய வேண்டிய முதல் வேலைக்குச் செலவே கிடையாது. நல்ல மழை பெய்து விட்டதும் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பாதையை ஒரு சுற்று சுற்றி வா. தண்ணீர் தேங்கியிருக்கிற இடத்தையெல்லாம் சுற்றிக் கோடு போடு. மறுநாள் திரும்பிப் போய்ப் பார். இன்னும் காயாமல் நிற்கிற இடங்கள்தான் வருகிற வருடங்களில் உனக்குத் தொந்தரவு தரப்போகிறவை. பாதைக்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது வாட்டம் இருக்க வேண்டும், அதுவும் வீட்டை விட்டு விலகிப் போகிற வாட்டமாக. நேரான பலகை ஒன்றை வைத்து அதன்மேல் ரசமட்டத்தை வைத்தால் நீயே கண்டுபிடித்துவிடலாம். கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் பாதையின் மேலேயே கொட்டுகிறதா என்றும் பார். கொட்டினால் வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்தக் குழாயை நீட்டித் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடு. எத்தனையோ வீடுகளில் குழாய் கொட்டுகிற இடத்தில் மட்டும் பாதை உட்கார்ந்து போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வெடிப்புகள். எல்லாம் ஒரே ரகம் இல்லை. நகம்கூட நுழையாத மயிர்க்கோடுகளை சீல் கோட்டே, அதாவது சீலர் பூச்சே மூடிவிடும். 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகிவிட்டால் தனியாக நிரப்பத்தான் வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்கள் வெடிப்பை அடைக்கிற ஃபில்லர் பாட்டிலை நேராகத் திறந்து ஊற்றிவிடுகிறார்கள். நிரப்புவதைவிடச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. வெடிப்புக்குள் முளைத்திருக்கும் புல்லை வேரோடு எடு. ஸ்க்ரூடிரைவரை விட்டு ஓரத்தில் பொடிந்திருப்பதைச் சுரண்டு, பிறகு கம்பி பிரஷ் போடு. புளோயர் இருந்தால் அதால் ஊது, இல்லாவிட்டால் சைக்கிள் பம்ப் போதும். நீ தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் நன்றாகக் காயும்வரை காத்திரு. மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், விரலை விட்டுப் பார். தூசியிலும் ஈரத்திலும் ஃபில்லர் ஒட்டாது, ஒரு நாடாபோல் தனியாகப் பெயர்ந்து வந்துவிடும். வெடிப்பு ஆழமாக இருந்தால் அடியில் கொஞ்சம் உலர்ந்த மணலைக் கொட்டி மேல் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்து. அதற்கு மேல் ஃபில்லர். ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு தடவையாக ஊற்று. முதலில் ஊற்றியது ஆறும்போது உள்ளே இறங்கும், அந்தப் பள்ளத்தை இரண்டாவது நிரப்பும். உருக்கி ஊற்றுகிற ரப்பர் கலந்த சரக்கு நீண்ட நாள் உழைக்கும், வெயிலிலும் குளிரிலும் வெடிப்பு விரிந்து சுருங்கினாலும் கூடவே இழுபடும். ஆனால் அதற்கு அடுப்பும் பழக்கமும் வேண்டும். வீட்டு அளவுக்குப் பாட்டிலில் வருகிற குளிர் ஃபில்லர் போதும், சில வருடங்களுக்கு ஒரு தடவை பார்த்து மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

நீ எழுதியிருந்ததில் என்னைக் கவலைப்பட வைத்தது ஷெட் வாசலில் வலை பின்னினாற்போல் வெடித்திருக்கிறது என்ற வரிதான். அதை நாங்கள் முதலைத்தோல் வெடிப்பு என்போம். அடியில் இருக்கும் கல்லும் மண்ணும் தளர்ந்துவிட்டன என்பதற்கு அடையாளம் அது. அதன்மேல் எத்தனை பாட்டில் ஃபில்லர் ஊற்றினாலும் எத்தனை கோட் சீலர் அடித்தாலும் வீண். அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அடியில் ஊறியதைத் தோண்டி எறிந்துவிட்டு, புதுக் கல் போட்டு இறுக்கி, அதற்கு மேல் தார்க் கலவை போட வேண்டும். சின்ன இடமென்றால் மூட்டையில் வருகிற, சூடாக்கத் தேவையில்லாத குளிர்க் கலவையே போதும், நீயே செய்யலாம். வெட்டிய ஓரங்கள் நேராக நிற்கட்டும். அந்த ஓரங்களுக்கு டாக் கோட், அதாவது பழையதும் புதியதும் ஒட்டிக்கொள்வதற்கான பிட்டுமென் பூச்சைத் தடவு. கலவையை ஒரே தடவையில் கொட்டாமல் 5 சென்டிமீட்டர் 5 சென்டிமீட்டராகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் நன்றாக இடி. கடைசி அடுக்கு சுற்றியுள்ள மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும், வண்டி ஏற ஏற அமுங்கிச் சரியாகிவிடும். பாதையில் பாதிக்கு மேல் முதலைத்தோல் ஆகிவிட்டதென்றால் மட்டும் மொத்தத்தையும் பெயர்த்துப் புதிதாகப் போடுவது பற்றி யோசி.

ஒரு சுவாரசியமான விஷயம் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். தாருக்கு நெருங்கிய உறவான பிட்ச் என்ற பொருளை உருக்கிப் புனலில் ஊற்றினார். சுத்தியலால் தட்டினால் சில்லுச்சில்லாக உடைகிற பொருள் அது. 1930இல் புனலின் காம்பை வெட்டிவிட்டார். அப்போதிலிருந்து அது சொட்டிக்கொண்டே இருக்கிறது, 2014இல் விழுந்தது ஒன்பதாவது சொட்டு! உன் வாசலில் இருக்கும் பிட்டுமெனுக்கும் இதே குணம்தான். பார்க்கக் கெட்டி, உண்மையில் மெதுவாக ஓடுகிற திரவம். வெயிலில் இன்னும் இளகும். அதனால்தான் கோடையில் மோட்டார் பைக்கின் ஸ்டாண்டு பாதையில் புதைகிறது. ஸ்டாண்டுக்கும் ஜாக்கிக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டைப் போட்டுவிடு. காரை நிறுத்தி வைத்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பாதே. வண்டி கொஞ்சம் உருளும்போது திருப்பு, டயர் மேல்பரப்பைத் தேய்க்காது. தினமும் ஒரே இடத்திலேயே நிறுத்தாமல் ஓரடி முன்னே பின்னே மாற்றி நிறுத்து.

வெயிலும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் அதே பிட்டுமென் இறுகி நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும். பாதை சாம்பல் நிறமாவது இதனால்தான். ஜல்லியின் முகம் வெளியே தெரியும், காலால் தேய்த்தால் பொடிக்கல் உதிரும். சீல் கோட் பயன்படுவது இந்த இடத்தில். வெயிலையும் மேல்தண்ணீரையும் தடுக்கிற மெல்லிய மேல்பூச்சு அது, பாதைக்குப் பலம் சேர்ப்பதில்லை. புதிதாகப் போட்ட பாதை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆறி இறுகட்டும், அதற்கு முன் அடிக்காதே. உன்னுடையது பழைய பாதை, ஆகவே குழியும் வெடிப்பும் சரியானபின் அடிக்கலாம். பிறகு மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை போதும். வருடா வருடம் அடித்தால் பூச்சு தடித்து, அதுவே வெடித்து உரியும். மழை வராத நாளாகப் பார், இரவிலும் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத காலமாக இருக்கட்டும். தடிப்பாக ஒரு கோட்டைவிட மெல்லிசாக இரண்டு கோட் நல்லது. முடித்தபின் ஒன்றிரண்டு நாள் காரை வெளியே நிறுத்து.

எந்தச் சீலர் என்பதில் ஒரே ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. நிலக்கரித்தாரில் செய்தது வேண்டாம், பிட்டுமென் எமல்ஷன், அதாவது பிட்டுமெனைத் தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்து செய்தது வாங்கு. நிலக்கரித்தார் சீலரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பிஏஎச் என்ற வேதிப்பொருள்கள், பிட்டுமென் சீலரில் இருப்பதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு இருப்பதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை சொல்கிறது. அது தேய்ந்து தூசியாகி, செருப்போடு வீட்டுக்குள்ளும் மழைநீரோடு ஓடைக்கும் போகிறது. டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரம் 2006இலும் வாஷிங்டன் மாநிலம் 2011இலும் அதைத் தடை செய்துவிட்டன. பேரப்பிள்ளைகள் தவழ்ந்து விளையாடுகிற வீட்டில் அது எதற்கு? டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்கு.

எண்ணெய்க் கறையை மறந்துவிடாதே. பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில் எல்லாம் பிட்டுமென் வந்த அதே கச்சா எண்ணெயிலிருந்து வந்தவை, பட்ட இடத்தில் பிட்டுமெனைக் கரைத்துவிடும். சிந்தியதும் மரத்தூளோ மணலோ தூவி உறிஞ்சவிட்டு, அள்ளிய பிறகு சோப்புத்தூள் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. கறையோடு சீலர் அடித்தால் அந்த வட்டத்தில் மட்டும் ஒட்டாது. முதலில் எண்ணெய் ஒழுகுகிற காரைச் சரிபண்ணு!

பாதையின் இரண்டு ஓரங்களுக்கும் வெளியே மண் இறங்கியிருந்தால் பாதை மட்டத்துக்கு அணைத்துக் கொட்டி இறுக்கிவிடு. பக்கத்தில் பிடிமானம் இல்லாத ஓரத்தில் சக்கரம் ஏறினால் அப்படியே உடைந்து விழும். பெரிய மரம் பக்கத்தில் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இருந்து, வேர் பாதையைத் தூக்கியிருந்தால் நீயாக வேரை வெட்டிவிடாதே, மரம் சாய்ந்துவிடக்கூடும். மரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டு.

அடுத்த கடிதத்தில் ஷெட் வாசல் வெடிப்பின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து எழுது, கிட்டத்தில் எடுத்த போட்டோவும் அனுப்பு. எத்தனை மூட்டை கலவை வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். மகளுக்கு என் ஆசிகள், வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

என்றும் உன் நண்பன்