அண்ணைக்கு, அந்த வெளிச்சத்தைப் பற்றி

அண்ணை,

மார்ச் 31 மறுபடியும் வந்துவிட்டது. இந்த முறை தொலைபேசி எடுக்காமல் இங்கே எழுதுகிறேன். உங்களைப் பார்த்துச் சிரித்தது எல்லார் முன்னாலும்தானே.

அந்தக் கோப்பைப் படித்துவிட்டேன். பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சு தன்னிடமிருந்த, அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்கள் பற்றிய கோப்புகளை 2008 முதல் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் வழியாக வெளியிட்டதே, அதில் 1993 மார்ச் 31ம் இருக்கிறது. டெவன், கோர்ன்வால், வேல்ஸ் என்று அன்றிரவு கண்டவர்கள் ஏராளம். சாட்சிகளின் பெயர்கள்மேல் கருப்புப் பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் விரலை வைத்து, இது அண்ணையாக இருக்குமோ என்று பார்த்தேன்.

அதிகாலை 1.10க்கு எரிந்து விழுந்தது கொஸ்மொஸ் 2238 என்ற ரஷ்யச் செயற்கைக்கோளை ஏவிய ராக்கெட்டின் பகுதி. விசாரித்த அமைச்சு அதிகாரிக்கு அதைச் சொன்னது ஃபைலிங்டேல்ஸ் ராடார் நிலையம். அவ்வளவு உயரத்தில் எரிவதன் சத்தம் கீழே இருப்பவர் காதுக்கு எட்டாது. அந்த இடத்தில்தான் என் கை நின்றுவிட்டது.

பெற்றோல் நிலையத்தின் பின்சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தீர்கள். ஒரு கை தலைமேல், மறு கையில் கடைச் சாவிக்கொத்து. ஊரில் குண்டு விழுந்த காலத்தில் பங்கருக்குள் அம்மா சொல்லித்தந்தபடியே வாயைத் திறந்து வைத்திருந்தீர்கள். நான் வருவதற்குள் வானம் வெறிச்சென்று கிடந்தது. "தம்பி, பொம்மர் இல்லை. பரா வெளிச்சமும் இல்லை. சத்தமே இல்லை" என்றீர்கள். திரும்பத் திரும்ப அந்தச் "சத்தமே இல்லை".

பொலிஸுக்கு நான்தான் பேசினேன். சத்தம் கேட்டதா என்று கேட்டார்கள். உங்களிடம் கேட்காமலே, விமானம் போல ஏதோ கேட்டது என்று சொன்னேன். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மன்னித்துவிடுங்கள். எனக்கு 22 வயது. விமானம் என்றால் அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நம் வழக்கு அப்போது எந்த நிலையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பலர் வாசிக்கும் இடம், அதற்குமேல் வேண்டாம். உங்களுக்குத் தலையில் கோளாறு என்று யாராவது எழுதிவிட்டால்? அந்தப் பயம் பொய்யில்லை. பிறகு விருந்துகளில் அதைக் கதையாகச் சொல்லிச் சிரித்ததற்கு மட்டும் என்னிடம் காரணம் இல்லை.

ஆனால் அண்ணை, பிறகு உங்களுக்கும் ஆங்கிலம் வந்ததே. இப்படிக் கண்டவர்கள் சொல்வதைப் பதிந்த அமைச்சின் பிரிவு 2009 டிசம்பர் வரை இயங்கியது. ஒரு கடிதம் நீங்களே போட்டிருக்கலாம். அதை விட்டு, என் மகளின் சாமத்தியவீட்டில் பரிமாறிய இலையை மூடிவிட்டு எழுந்து போனீர்கள். பெரியப்பா ஏன் சாப்பிடவில்லை என்று அவள் இன்றும் கேட்கிறாள். என்மேல் இருந்த கோபத்துக்கு அவள் என்ன செய்தாள்?

திருத்திச் சொல்ல இனி அங்கே ஆள் இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன்: அதிகாலை 1.10. இரண்டு வெள்ளை வெளிச்சங்கள். பின்னால் நீண்ட வால். சத்தமே இல்லை.

சரியாகச் சொன்னேனா, அண்ணை?