நீலகிரியில் பனிச்சறுக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், ஈரோடு
பெறுநர்: மேலாளர், சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனம், கோயம்புத்தூர்

ஐயா,

வணக்கம். ஜனவரி மாத வார இறுதியில் ஊட்டியில் நீங்கள் நடத்திய பனிச்சறுக்கு முகாம் பற்றிய புகார் இது. நான், என் மனைவி, மகள், மைத்துனர் என நாலு பேருக்கு, தலைக்கு 6,500 ரூபாய் வீதம் 26,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினோம். அங்கிருந்த உங்கள் ஆட்களிடம் முறையிட்டபோது, "எங்ககிட்ட சொல்லி என்ன சார், ஆபீசுக்கு எழுதுங்க" என்று கைவிரித்துவிட்டார்கள்.

முழங்கால் அளவு பனியில், நீளக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கோலூன்றி ஆட்கள் போகும் படத்தைத்தான் விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அப்படிப்பட்ட பனிக்கு நம் நாட்டில் குல்மார்க், ஔலி போன்ற இமயமலை ஊர்களுக்குத்தான் போக வேண்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் விழுவது உறைபனி. இது எனக்கும் தெரியும் என்பதால்தான் பணம் கட்டும் முன் போனில் கேட்டேன். "செயற்கைப் பனி கொட்டி சரிவு ரெடி பண்ணியிருக்கோம் சார், ஃபாரஸ்ட் பர்மிஷன் எல்லாம் இருக்கு" என்று உங்கள் ஊழியர் சொன்னார். வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பினார். அந்த உரையாடலையும் ரசீதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இ-பாஸ் எடுத்துவிட்டோம் என்றீர்கள், எடுக்கவில்லை. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம் என்பது தெரியாமலா இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள்? கல்லாறு சோதனைச் சாவடியில் வேனை ஓரங்கட்டி, என் செல்போனிலேயே பதிவு செய்துவிட்டுத்தான் மேலே போனோம். சரி, அது போகட்டும்.

மறுநாள் இருட்டிலேயே எழுப்பி, தலைக்குந்தா பக்கம் ஒரு புல்வெளிக்குக் கூட்டிப்போனார்கள். செயற்கைப் பனியும் இல்லை, தயார் செய்த சரிவும் இல்லை. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும்போது புல்நுனியில் படிகிற வெள்ளைப் படலம் மட்டும்தான் இருந்தது. விரலால் தொட்டால் கரைந்துவிடுகிறது. வெயில் ஏறியதும் ஈரம்தான் மிச்சம். அதில்தான் எங்களைச் சறுக்கச் சொன்னார்கள்.

அவர்கள் கொடுத்த கட்டைகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சமவெளியிலும் மேட்டிலும் நடந்து போகும் வகைப் பனிச்சறுக்கில் காலணியின் முன்பக்கம் மட்டும்தான் கட்டையோடு சேர்ந்திருக்கும். குதிகால் தூக்க வர வேண்டும். அப்போதுதான் உந்தி நகர முடியும். உங்கள் ஆட்கள் கொடுத்தவை ஒன்றுக்கொன்று நீளம் ஒத்துவராத பிளாஸ்டிக் பலகைகள். பிடிமானம் கழன்று போனதால், எங்கள் ஷூவையே குதிகாலோடு சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். என் மகள் நாலடிகூடப் போகவில்லை. பலகை புல்லில் சிக்கி நின்றுவிட்டது, உடம்பு முன்னால் போனது, கால் மட்டும் வரவில்லை. கயிற்று முடிச்சை அவிழ்க்க முடியாமல் என் மைத்துனர் சாவியால் நெம்பினார். அதற்குள் கணுக்கால் வீங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஊட்டியில் மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்து நாங்களாகவே போனோம்.

கிளம்பும் நேரத்தில் வனக்காவலர் ஒருவர் வந்து, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். உங்கள் ஆட்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. குரங்கணித் தீயில் 2018இல் அத்தனை உயிர்கள் போன பிறகுதான் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. அதற்கப்புறமும் பணம் வாங்கிக்கொண்டு, குழந்தைகளோடு வரும் குடும்பங்களை அனுமதியில்லாமல் கூட்டிப்போகிறீர்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்தப் புல்வெளி வெறும் காலி இடமும் அல்ல. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதுதான். அந்தப் பக்கத்து ஓடைகள் சீகூர் ஆறு, மோயாறு வழியாகப் பவானிசாகருக்கு வருகின்றன. எங்கள் கீழ்பவானி வாய்க்காலில் ஓடுவது அந்தத் தண்ணீர். பலகைகள் இழுபட்ட இடமெல்லாம் புல் வேரோடு பெயர்ந்து கிடந்ததைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நாங்கள் கட்டிய 26,000 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். மருத்துவச் செலவுக்கான ரசீதுகளையும் வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்துத் தர வேண்டும். "அடுத்த டிரிப்ல கழிச்சுக்கலாம்" என்று உங்கள் ஊழியர் சொன்னதை நான் ஏற்கவில்லை. விளம்பரத்திலிருந்து அந்தப் படத்தை எடுங்கள். வனத்துறை அனுமதி எழுத்தில் கையில் வரும் வரை இந்த முகாமுக்கு யாரிடமும் பணம் வாங்காதீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. வனத்துறைக்கும் இதே கடிதத்தின் நகலை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்