சொக்கலிங்கத்துக்கு, மடிப்பாக்கத்திலிருந்து

அன்புள்ள சொக்கலிங்கம்,

நலம். நீயும் தங்கை விசாலாட்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆடியில் நீ எழுதிய கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். இந்த நான்கு மாத மௌனத்துக்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை, மன்னித்துக்கொள். அரங்கசாமி வீட்டுத் திருமணம் நல்லபடியாக நடந்தது, நீ வரவில்லை என்று மூன்று முறை குறைபட்டுக்கொண்டான். தேவசகாயம் சாருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தாமே படிக்கிறார். உன் பெயரைச் சொன்னதும் முதலில் கேட்டது நம் ஆய்வுக்கூடத்துப் பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய்) விவகாரத்தைத்தான். பேரனைத் தூக்கிக்கொண்டு மகள் தை மாதம் இங்கே வருகிறாள்.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். பொங்கல் முடிந்ததும் கோயம்புத்தூரை விட்டுப் பள்ளிக்கரணையில் மகன் வீட்டுக்குக் குடிவரப் போகிறாய். குடிநீரிலிருந்து உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம், அதுவும் தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் வகை ஒன்றை மகன் பார்த்து வைத்திருக்கிறான். அந்தத் தானியங்கிச் சுத்தம் மெய்யாகவே பயன்படுமா, விற்பவர்கள் சேர்த்துச் சொல்லும் சொல்லா என்று எழுதியிருந்தாய். ஆடியிலேயே பதில் எழுதியிருந்தால், அது வெறும் தண்ணீர் விரயம், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே என்று எழுதியிருப்பேன். அப்படித்தான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் எங்கள் வீட்டு இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகு என் எண்ணம் அடியோடு மாறிவிட்டது. உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2019 கோடையில் இந்த ஊர் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காக நள்ளிரவில் குடத்தோடு தெருமுனையில் நானும் மாலதியும் நின்றிருக்கிறோம். அப்படி நின்றவனுக்குக் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். எங்கள் இயந்திரம் ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் இருபது விநாடி நேரம் சளசளவென்று தண்ணீரைக் கழிவில் கொட்டும். அதன் பிறகுதான் வடிகட்டத் தொடங்கும். அதைத்தான் ஆட்டோ ஃப்ளஷ் என்கிறார்கள். சென்ற ஆண்டு கோடையில், சேற்றை முதலில் பிடிக்கும் வடிகட்டியான ஸ்பன் ஃபில்டரை மாற்ற வந்த தம்பியிடம், இந்த வீணாகும் தண்ணீரை நிறுத்த முடியாதா என்று கேட்டேன். அந்தத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வுக்குப் போகும் மின்கம்பி இணைப்பை அவர் பிடுங்கிவிட்டார். சத்தம் நின்றது. நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

அதே கிணற்றுத் தண்ணீரில், அதே இயந்திரத்தில், முந்தைய மெம்பரேன், அதாவது உப்பைத் தடுத்து நிறுத்தும் சவ்வுச் சுருள், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உழைத்தது. இது பதினெட்டு மாதத்தில் முடிந்துவிட்டது. முதலில் நீரின் வேகம் குறைந்தது. ஐந்து நிமிடத்தில் நிறைந்துகொண்டிருந்த ஒரு லிட்டர் செம்பு நிறைய, தீபாவளி வாக்கில் பதினொரு நிமிடம் ஆயிற்று. பிறகு காபியின் ருசி மாறியது. மாலதி சொன்னபோது பால்காரரைக் குறை சொன்னேன். பாவம், அவர் மேல் பிழை எதுவும் இல்லை. ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மானியை வைத்துப் பார்த்தால், 80 காட்டிக்கொண்டிருந்த தண்ணீர் 270 காட்டியது. கிணற்று நீர் எப்போதும்போல 1,100.

புதிதாக வந்த சர்வீஸ்காரர் உறையைத் திருகித் திறந்து மெம்பரேனை இழுத்தார். அது வரவில்லை. இடுக்கியால் பிடித்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, காலை அண்டை கொடுத்து இழுத்தார். வெளியே வந்த உருளையை என் கையில் கொடுத்தபோது அதன் கனமே வேறாக இருந்தது. ஒரு முனையில் வெந்நீர்த் தவலையின் அடியில் படியுமே, அதே வெள்ளைக் காறை, மஞ்சளோடிப் போய், நகத்தால் சுரண்டினால் மணல்போல உதிர்ந்தது. மறு முனையில் தொட்டால் வழுக்கும் பழுப்பு நிறப் பாசி. அந்தப் பாசிக்கும் காரணம் தெரிகிறது. மகள் பிரசவத்துக்காகப் பெங்களூரு போய் இரண்டு மாதம் தங்கியபோது, உள்ளே தேங்கிய நீரோடு இயந்திரத்தை அணைத்துவிட்டுப் போயிருந்தோம். உதிர்ந்த வெள்ளைப் பொடியில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டேன். நுரைத்தது. கால்சியம் கார்பனேட். நாம் இருவரும் ஆய்வுக்கூடத்தில் இதையே எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! கடின நீரை அளக்கையில் ஒயின் சிவப்பு நீலமாகத் திரும்பும் அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போமே. அவ்வளவும் படித்த எனக்கு, என் வீட்டுச் சமையலறையில் நடந்துகொண்டிருந்தது பதினெட்டு மாதம் தெரியவில்லை.

நீ வேதியியல் மறக்காதவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். காபித்தூள் வடிகட்டிபோல எல்லாத் தண்ணீரும் மெம்பரேனைக் கடந்து போவதில்லை. நீர் அதன் மேற்பரப்பை உரசிக்கொண்டு ஓடுகிறது; ஒரு பங்கு மட்டும் அழுத்தத்தால் உள்ளே புகுந்து நல்ல நீராகிறது, மீதி உப்பைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. எங்கள் வீட்டில் நான்கு பங்கில் ஒரு பங்குதான் குடிநீர். அப்படியானால் 1,100 உள்ள நீர் கழிவாக வெளியேறும்போது ஏறக்குறைய 1,450 ஆகிவிடும். பாதியை நல்ல நீராக எடுத்தால் உப்பு இரண்டு மடங்கு, முக்கால் பங்கை எடுத்தால் நான்கு மடங்கு. இது ஓடும் நீரின் சராசரிக் கணக்கு மட்டுமே. மெம்பரேனை ஒட்டி நிற்கும் மெல்லிய படலத்தில், தாண்ட முடியாத உப்பெல்லாம் குவிந்து நிற்பதால், செறிவு இதைவிடவும் கூடுதல். கரைந்திருக்க முடியாத அளவை எட்டியதும் கால்சியம் அங்கேயே படிகமாகி ஒட்டிக்கொள்கிறது. குறைந்த கழிவு என்று பெருமையாக விற்கப்படும் இயந்திரங்களில் இந்தச் சுத்தம் இன்னும் கூடுதலாக வேண்டியிருப்பது இதனால்தான். விற்பவர் சொல்லாவிட்டாலும் உன் மகன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃப்ளஷ் வால்வு செய்யும் வேலை மிக எளியது. கழிவுக் குழாயில் எஃப்.ஆர். என்று சொல்லப்படும் குறுகலான சிறு துண்டு ஒன்று இருக்கிறது. நீரை எளிதில் வெளியே விடாமல் நெருக்கிப் பிடித்து, மெம்பரேனுக்குள் அழுத்தத்தை உண்டாக்குவது அதுதான். வால்வு திறந்தால் நீர் அந்தக் குறுகல் வழியைத் தவிர்த்து நேராகக் கழிவுக்குப் பாய்கிறது. உள்ளே அழுத்தம் விழுகிறது. வடிகட்டல் ஏறக்குறைய நின்றுபோகிறது. மேற்பரப்பில் நீரின் வேகம் பல மடங்கு கூடி, ஒட்டத் தொடங்கியிருக்கும் உப்பையும் சேற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. ஒட்டத் தொடங்கியிருக்கும் என்பதைக் கவனித்துப் படி. இறுகிப்போன காறையை எந்த ஃப்ளஷ்ஷும் பெயர்க்காது. கோலம் போடும் முன் தினமும் வாசலைக் கழுவுகிறவளுக்குத் துடைப்பம் போதும். ஆறு மாதம் கழுவாத வாசலுக்குக் கரண்டியும் மண்வெட்டியும் வேண்டும். என் வாசலைப் பதினெட்டு மாதம் கழுவவிடாமல் நானே தடுத்து வைத்திருந்தேன்.

புது மெம்பரேன் போட்டு, வால்வின் கம்பியையும் மீண்டும் இணைத்த அன்று, அந்த இருபது விநாடி நீரை ஒரு குவளையில் பிடித்து அளந்தேன். அரை லிட்டரைச் சற்றுத் தாண்டியது. ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடினாலும் இரண்டரை லிட்டருக்குள்தான். நாள் முழுவதும் கழிவாகப் போகும் முப்பது முப்பத்தைந்து லிட்டருக்கு முன்னால் இது எவ்வளவு? மிச்சம் பிடிக்க நினைத்திருந்தால் அந்தப் பெரிய கழிவை அல்லவா நான் பிடித்திருக்க வேண்டும்! இப்போது கழிவுக் குழாயை ஒரு வாளிக்குள் விட்டிருக்கிறோம். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் அதுவே போதுகிறது. உப்பு கூடிய நீர் என்பதால் மாலதியின் துளசிச் செடிக்கு மட்டும் ஊற்றுவதில்லை.

வேறு ஒன்றையும் அந்த டி.டி.எஸ். மானியால் கண்டுபிடித்தேன். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த இயந்திரம் காலையில் கொடுக்கும் முதல் தம்ளரைக் குழாயிலேயே பிடித்து அளந்தால் 190; பத்து நிமிடம் ஓடிய பின் 85. பழுது என்று பதறி மறுபடியும் சர்வீஸ்காரரை அழைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் இயற்கையான காரியம். பம்பு நின்றதும் அழுத்தம் போய்விடுகிறது. அடர்ந்த பக்கத்து உப்பு நல்ல பக்கத்துக்கு மெல்ல மெல்லக் கசிந்துவருகிறது. இதற்கும் சில இயந்திரங்களில் வழி செய்திருக்கிறார்கள். நிற்பதற்கு முன் வடிகட்டிய நல்ல நீரையே மெம்பரேனின் உப்புப் பக்கத்தில் ஓடவிட்டு நிரப்பிவைக்கிறார்கள். இருபக்கமும் நல்ல நீர் இருந்தால் கசிய எதுவும் இல்லை, படியவும் எதுவும் இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் நிறுத்தும்போது இப்படிச் செய்வது வழக்கமான நடைமுறை. தென்சென்னைக்கு நீர் தரும் நெம்மேலி ஆலை 2013-இல் வந்தது, வடக்கே மீஞ்சூர் ஆலை 2010-இல். இரண்டும் நாளொன்றுக்கு பத்து கோடி லிட்டர் தருவதற்கென்று கட்டப்பட்டவை. அங்கெல்லாம் நீரோட்டத்தால் போகாத படிவை நீக்கவும் முறை இருக்கிறது: காறைக்கு அமிலக் கரைசல், பாசிக்குக் காரக் கரைசல். அவற்றுக்குள் இருப்பதும் அடிப்படையில் என் சமையலறையில் இருக்கும் அதே சுருள்தான். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் லோப் என்பவரும் நம் நாட்டில் பிறந்த சௌரிராஜனும் சேர்ந்து உருவாக்கிய மெம்பரேன்தான் இந்தத் தொழிலுக்கே வழி திறந்தது. நம் வகுப்பில் அந்தப் பெயரை யாராவது ஒருமுறை சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

ஆகவே உன் மகனிடம் சொல்: தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் வசதி இருப்பதை வாங்கட்டும். அதை வாங்கிவிட்டோம் என்பதற்காக மற்றதை மறந்துவிடக் கூடாது. ஸ்பன் அடைத்துக்கொண்டால் பம்புக்கே போதிய நீர் வராது, ஃப்ளஷ்ஷுக்கு எங்கிருந்து வேகம் வரும்? மாநகரக் குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின் மெம்பரேனையே அரித்துவிடும். அதைத் தடுப்பது முன்னால் இருக்கும் கார்பன் வடிகட்டி, அதன் காலம் முடிந்தபின் எவ்வளவு கழுவியும் பயனில்லை. சேமிப்புத் தொட்டிக்குள் ஃப்ளஷ் போவதே இல்லை. ஊருக்குப் போனால் தொட்டியை வடித்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் முதல் இரண்டு தொட்டி நீரைக் குடிக்காமல் விட்டுவிட வேண்டும். கைக்குழந்தை வரப்போகிற வீட்டில் இரண்டு மாதத் தேங்கல் நீரை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. நல்ல வேளை, குழந்தை வருவதற்குள் தெரிந்துகொண்டேன்.

உனக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிறுவாணித் தண்ணீர் குடித்த நாக்கு உன்னுடையது. சென்னையில் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிப்பாய், 1978-இல் விடுதியிலேயே பார்த்தவன் நான். ஆனால் நாக்கை நம்பி இயந்திரம் வாங்காதே. டி.டி.எஸ். 500-க்குள் இருப்பதே விரும்பத்தக்கது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது; அதற்குள் இருக்கும் நீருக்கு ஆர்.ஓ. கூடாது என்றுதான் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. மகனுடைய அடுக்ககத்தில் மெட்ரோ தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன என்று எழுதியிருந்தாய். அப்படியானால் ஒரு நாள் அளந்தது போதாது. லாரி வந்த அன்று ஒரு பாட்டில், மெட்ரோ வந்த அன்று ஒரு பாட்டில், இரண்டையும் தேதி எழுதி ஒட்டி எடுத்துவைக்கச் சொல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரங்கசாமியைப் பார்க்கப் போகும் வழியில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கடினத்தன்மையையும் பழைய முறையிலேயே அளந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. தேவசகாயம் சாரின் பேத்தி கல்லூரியில் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை செய்கிறாள், உதவுவதாகச் சொல்லியிருக்கிறாள். அளவு தெரிந்ததும் எழுதுகிறேன், இம்முறை நான்கு மாதம் ஆகாது. அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம் என்று மகனிடம் சொல்.

அன்புடன்,
இராமநாதன்