அரபுத் தூசிமேல் மட்டும் பழி போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கங்க.

போன வாரம் உங்கள் பேப்பரில் ஒரு துண்டுச் செய்தி, பாலைவனத் தூசி மழையைக் கெடுக்கும் என்று, மூன்றே வரி. அதைப் படித்துவிட்டு எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் ஆடி மழை பொய்த்ததற்கே அரபு நாட்டுத் தூசிதான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். என் கொப்பரைக் களத்தில் படிந்த புழுதியைக் காட்டி 'இது துபாய் மண்' என்கிறார். அது பக்கத்துக் காட்டில் உழவு ஓட்டிய செம்மண்ணுங்க, ஆடிக்காற்று கொண்டுவந்து போட்டது.

தூசி மழையைக் கெடுப்பது உண்மைதான். நீராவி துளியாக, பிடித்துக்கொள்ள ஒரு துகள் வேண்டும். அந்தத் துகள் அளவுக்கு மிஞ்சி வந்தால் இருக்கிற ஈரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு எல்லாத் துளியும் பொடியாகவே நின்றுவிடும். ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளி சேர வேண்டும், பொடித்துளி எங்கே சேரும்? சகாரா தூசி கலந்த மேகங்களைப் பார்த்து 2001-ல் ரோசன்ஃபெல்ட் என்ற விஞ்ஞானியின் குழு சொன்னது இதைத்தான்.

ஆனால் உயரமான மேகத்தில் கதையே வேறு. சுத்தமான மேகத்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் நீராகக் கிடக்கும். தூசியில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் துகள் இருந்தால் மைனஸ் 20-க்கு முன்பே பனியாகிவிடும் (நம் காங்கேயம் பக்கம் கிடைக்கிற சந்திரகாந்தக் கல்லும் அந்தச் சாதிதான்). அந்தப் பனி சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துப் பெருத்து, இறங்கும்போது உருகி மழையாகும். அப்புறம் இன்னொன்று, அரபிக்கடல் மேல் நிற்கும் தூசி வெயிலை வாங்கிக் காற்றைச் சூடாக்கி ஈரக்காற்றை இந்தியா பக்கம் இழுக்கிறது, ஒரு வாரத்துக்குள் நடு இந்தியாவில் மழை கூடுகிறது என்று 2014-ல் வினோஜ் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதினார்கள்.

நமக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும், மழையை வால்பாறை, சின்னக்கல்லாறு மலையே வாங்கிக்கொள்ளும், மிச்சம் சாரல். தூசி வந்தாலும் வராவிட்டாலும் இப்படித்தான். நம் கிணறு நிரம்புவது ஐப்பசி மழையில்.

அடுத்த முறை எந்த மேகம், எந்த உயரம் என்று ஒரு வரியாவது சேர்த்துப் போடுங்க. டீக்கடையில் நான் ஒற்றை ஆளாகப் பேசி மாளவில்லை.

கொப்பரைக் களத்துக்காரர்,
காங்கேயம்