அம்மாவைப் பற்றிய பாட்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம். சினிமாப் பாட்டுக்கு அரைப்பக்கம் தருகிறீர்கள், சரி. அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் ‘கேரி அண்ட் லோவெல்’ ஆல்பத்தின் பத்தாம் ஆண்டுப் பதிப்பு 2025-இல் வந்ததே, அதற்கு ஒரு பத்தியாவது தரக்கூடாதா? கேரி அவருடைய அம்மா. மகனுக்கு ஒரு வயதிருக்கும்போதே வீட்டை விட்டுப் போனவர், மனநோயோடு போராடி 2012-இல் புற்றுநோயில் இறந்தார். அந்த அம்மாவை மகன் திட்டவும் இல்லை, தெய்வமாக்கவும் இல்லை. டிரம்ஸ் ஏறக்குறைய கிடையாது, நரம்பிசையும் காதோரம் கிசுகிசுக்கும் குரலும்தான். ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’ என்ற பாட்டில் இறந்த அம்மா மகனைச் செல்லப்பெயர்களால் கூப்பிட்டுப் பேசுகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்புறம் லோவெல், அம்மாவின் இரண்டாவது கணவர். சிறுவனுக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சில கோடைக்காலங்களைத் தந்தவர், பின்னாளில் அவனோடு சேர்ந்து இசை நிறுவனமே தொடங்கினார். அவரைப் பற்றியும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர்