பின்வளவில் ட்ரில்லியம் வைக்க விரும்பும் தம்பிக்கு

அன்பின் தம்பி,

ரூஜ் பள்ளத்தாக்குக் காட்டில் மே மாதம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்ற ட்ரில்லியத்தில் ஒன்றைக் கிண்டிவந்து ஸ்காபரோ வீட்டுப் பின்வளவில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தேசியப் பூங்கா, மாகாணப் பூங்கா, பாதுகாப்புப் பகுதி எதிலும் செடி பிடுங்கக்கூடாது. 1937இலிருந்து அது ஒன்ராறியோவின் மாகாணப் பூ என்பதால் மாகாணத்தில் எங்கே பறித்தாலும் குற்றம் என்று பலர் சொல்வது மட்டும் சரியில்லை. ஆனால் சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், அந்தச் செடி வளரும் விதமே கிண்டுவதற்கு ஒத்துவராது.

மண்ணுக்கு மேலே தெரிவது ஒரு தண்டு, மூன்று இலை, ஒரு பூ. பூவில் மூன்று வெள்ளை இதழ், மூன்று பச்சைப் புல்லி, ஆறு மகரந்தத் தாள். தாவரவியல் கணக்கில் அந்த மூன்று இலையும் பூவடிச் செதில்கள். உண்மையான இலைகள் கிழங்கின்மேல் மெல்லிய செதிலாக ஒட்டிக் கிடக்கின்றன. செடி என்பது அந்தக் கிழங்குதான். மேப்பிளும் பீச்சும் இலை விரித்து மேலே மூடுவதற்கு முன் கிடைக்கும் சில வார வெயிலில்தான் அது பெரும்பங்கு உணவைச் சேர்க்கிறது. பூ உதிர்ந்த பிறகும் இலை கோடையில் நின்று நிழலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும். அடுத்த வசந்தத்துக்கான மொட்டு அதற்கு முந்திய கோடை முடிவதற்குள்ளேயே கிழங்கின் நுனியில் உருவாகிவிடும்.

இதனால்தான் பூவைத் தண்டோடு ஒடித்தால் பிரச்சினை. மூன்று இலையும் போய்விட்டால் அந்த ஆண்டு வேறு இலை வராது. அடுத்த ஆண்டு பூ இல்லாமல் சின்னதாக முளைக்கும், அல்லது முளைக்காமலே போகும். மான் மேய்ந்த காடுகளில் ட்ரில்லியம் குட்டையாகிக் குறைந்துபோவதும் இதே காரணத்தால்தான். கிண்டுவது இன்னும் மோசம். சுருங்கும் வேர்கள் கிழங்கை ஆண்டுதோறும் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும். மேலே பிடித்து இழுத்தால் தண்டு முறிந்து கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். பூக்கும் காலத்தில் வேர் அறுந்தால் திரும்ப வளர நாளெடுக்கும்.

பூத்து நிற்கும் ஒரு செடிக்கு வயது குறைந்தது ஏழு, எட்டு ஆண்டு இருக்கும். விதையிலிருந்து அந்த நிலைக்கு வருவது மெதுவான வேலை, ஆனால் பின்வளவில் செய்யக்கூடியதுதான். காய் யூலைக் கடைசியிலோ ஓகஸ்டிலோ வெளிர்ந்து மென்மையாகும். உள்ளே பழுப்பு விதைகள், ஒவ்வொன்றிலும் கொழுப்பு நிறைந்த வெண்ணிறக் குச்சம். எறும்பு அந்தக் குச்சத்துக்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும். ஆனால் எறும்பு கொண்டுபோகும் தூரம் சில மீற்றர்தான். பனிப்பாறைகள் உருகிய பின் இச்செடி இவ்வளவு வடக்கே எப்படி வந்தது என்ற கேள்விக்கு, கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மான் எச்சத்தில் முளைக்கும் திறனோடு விதைகளைக் கண்டது ஒரு பதிலாக அமைந்தது. இலையைத் தின்று அழிக்கும் அதே மான்தான்!

தோட்டத்தில் ட்ரில்லியம் வைத்திருப்பவர் யாரிடமாவது ஒரு காய் கேட்டு வாங்குங்கள். விதையைக் காயவிடாதீர்கள். கடுதாசி உறையில் போட்டு வசந்தம்வரை அலுமாரியில் வைப்பவர்களுக்கு ஒன்றும் முளைப்பதில்லை. குச்சத்தைக் கழுவி எடுத்துவிட்டு, எடுத்த சில நாட்களுக்குள் மக்கிய இலைமண்ணில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையுங்கள். அணிலும் எலியும் கிளறாமல் மேலே கம்பி வலை. முதல் குளிர்காலம் கழிந்த பிறகு வேர் மட்டும் கீழே இறங்கும். மேலே எதுவும் தெரியாது. பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து சாடியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். இரண்டாவது குளிர்காலமும் போனபின்புதான் ஒடுங்கிய ஒற்றை வித்திலை எட்டிப்பார்க்கும். அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒரே ஓர் இலைதான். உரம் போட்டு விரட்ட முயலவேண்டாம்.

அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் நாற்றுப்பண்ணையில் வாங்கலாம். 'பண்ணையில் வளர்த்தது' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். காட்டில் கிண்டியதை ஒரு பருவம் சாடியில் வைத்திருந்தாலும் அப்படிச் சொல்வார்கள். 'விதையிலிருந்தோ கிழங்கைப் பிரித்தோ நீங்களே பெருக்கியதா?' என்று கேளுங்கள். பூத்த செடி மிக மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுவதுதான் புத்தி. கிழங்கை செப்ரெம்பரில், மொட்டு மேலே இருக்க, ஏறத்தாழ பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து, அடுத்ததற்கு முப்பது சென்ரிமீற்றர் இடம் விடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் கிழங்கு அழுகும். நோர்வே மேப்பிளின் கீழ் வைக்கவேண்டாம். அதன் நிழலும் அடர்த்தி, வேரும் மேல்மண்ணிலேயே பின்னிக் கிடக்கும். இலையுதிர்காலத்தில் அந்த மூலையில் விழும் இலைகளைப் பையில் கட்டி வீதியில் வைக்காமல் நொறுக்கி அங்கேயே பரப்புங்கள். ட்ரில்லியம் இலை தானாக மஞ்சளாகும்வரை அதை வெட்டக்கூடாது.

வெள்ளை இதழ் நாட்போக்கில் இளஞ்சிவப்பாகும். அது வயது, நோயல்ல. இதழில் பச்சைக் கோடு ஓடினால்தான் கவனிக்க வேண்டும். அபூர்வ வகை என்று ஆசைப்பட்டு அதையே தேடி வாங்குபவர்கள் உண்டு. பைற்றோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்த் தொற்று அது. பூ மெல்ல மெல்ல மலடாகி, செடி நலிந்து சாகும். அப்படி ஒன்று உங்கள் பாத்தியில் வந்தால் கிழங்கோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

ஊர்க் கார்த்திகைப் பூவும் இதுவும் லில்லி வரிசையில் தூரத்து உறவு. ஆனால் கார்த்திகைக் கிழங்கு போட்ட பழக்கத்தில் இதனிடமும் அதே வேகத்தை எதிர்பார்க்கவேண்டாம். விதைத்த இடத்தில் ஒரு குச்சி நட்டு ஆண்டை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒற்றை இலையைக் களை என்று யாராவது பிடுங்கிவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணா